தகரப்பெட்டியில் கிடைத்த அட்டவணைகள்

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980-ல் அந்த வேலை போன பிறகு வீட்டோடு இருந்து காலமானார். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்த அவருடைய தகரப்பெட்டியை இறக்கினோம். கிஸ்து ரசீதுகளுக்கு அடியில் ஓர் ஆங்கிலப் புத்தகம். 1961 ஜனத்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்து எங்கள் ஊரை ஆராய்ந்து அரசாங்கம் அச்சிட்டது. டார்ச் லைட் வைத்திருக்கும் வீடு எத்தனை, டீ குடிக்கும் வீடு எத்தனை, கொசுவலை உள்ள வீடு எத்தனை, துணியை வண்ணாருக்குப் போடும் வீடு எத்தனை என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். ஓரங்களில் அப்பா பென்சிலால் ஏதேதோ குறித்து வைத்திருக்கிறார்.

என்னை உறுத்துவது ஒரே ஒரு அட்டவணைதான். பெண்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு தரலாமா என்று வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறார்கள். தரலாம் என்றவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அப்பாவையும் கேட்டிருப்பார்கள், அவர் எதிராகச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு 1978-ல் கல்யாணம். 1991-ல் அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். எனக்கு ஒரு சென்ட் கிடையாது. "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்றார்.

அப்பா அன்றைக்குப் பொய் சொன்னாரா? இப்படிப்பட்ட பழைய கணக்குகளை வைத்து அந்தக் காலத்து மனுஷர்களின் மனசைத் தெரிந்துகொள்ள முடியுமா? அல்லது என் மகன் சொல்கிற மாதிரி பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா?

— ம. சு., திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அம்மா, பழைய பேப்பர்காரர் வந்தால் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

1961-ல் இந்தியாவின் கணக்கெடுப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் அசோக் மித்ரா என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், மாநிலத்துக்குச் சுமார் 35 ஊர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாழ்க்கையையே எழுதி வைக்க வேண்டும் என்று அப்போது ஏற்பாடு செய்தார்கள். சென்னை மாநிலத்தில் அந்த வேலையை நடத்தியவர் பி. கே. நம்பியார். சுண்ணாம்புக்குளம், நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம், நீலகிரியின் ஹள்ளிமோயார் என்று ஊருக்கு ஒரு புத்தகமாக வெளிவந்தன. அந்த வரிசையில் ஒன்றுதான் உங்கள் பெட்டியில் இருந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தவை அல்ல. ஒரே தொழில் மேலோங்கிய மீனவர் ஊர், நெசவாளர் ஊர் போன்றவை சில, பழங்குடியினர் ஊர்கள் சில, பல சாதியும் பல தொழிலும் கலந்த பழைய ஊர்கள் சில என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. ஆகவே அறுபதுகளில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு இத்தனை பேர் டீ குடித்தார்கள் என்று உங்கள் புத்தகத்தைக் காட்டி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அது உங்கள் ஊருக்கு மட்டும் சாட்சி.

இனி அப்பாவின் விஷயம்.

அட்டவணையில் பெயர் இல்லை, தொகை மட்டும்தான். அதனால் அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கப்பட்ட விதத்தை ஊகிக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-ல். ஐந்தே வருஷம் கழித்து, சர்க்கார் முத்திரை போட்ட கேள்வித்தாளோடு ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பெண்ணுக்குப் பங்கு தரலாமா என்று கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் அதே சர்க்காரிடம் சம்பளம் வாங்கும் கணக்குப்பிள்ளை. "தரக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். அவர் சொல்லியிருக்கக்கூடியது பொய்யும் அல்ல, வாக்குறுதியும் அல்ல. வந்திருப்பவர் முன்னால் எது பேசத் தக்கது என்று அன்றைக்கு நினைத்தாரோ அது. எல்லோரும் அதையே பேசத் தக்கது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள் என்றால் அதுவே ஒரு செய்திதான். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியை முதன்முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1930 முதல் இரண்டு வருஷம், ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். சீனர் என்றாலே முகம் சுளித்த காலம் அது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் கழித்து, சீனர் வந்தால் இடம் கொடுப்பீர்களா என்று அதே இடங்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள்! அவர்கள் வாயால் மறுத்துக் கையால் பரிமாறினார்கள். உங்கள் அப்பாவின் தலைமுறையோ வாயால் கொடுத்துக் கையால் மறுத்தது. லாப்பியர் கட்டுரை 1934-ல் வந்தது. இன்றைக்கும் கணக்கெடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். பல பேர் படிப்பதில்லை.

நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. ஐம்பதுகளில் பஞ்சாபின் கன்னா பகுதியில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு மாத்திரை கொடுத்தார்கள், மக்களும் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் மஹ்மூத் மம்தானி என்ற ஆய்வாளர் அங்கே மனுப்பூர் என்ற ஊருக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இவ்வளவு தூரம் வந்திருக்கிற மனுஷர்களின் முகம் வாடக் கூடாதே என்று வாங்கி வைத்துக்கொண்டவர்கள் பலர். ஒருவர் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பமே செய்து வீட்டில் வைத்திருந்தார். மம்தானி அதை 1972-ல் புத்தகமாக எழுதினார். நம் ஊரிலும் வந்தவர் மனம் கோணக் கூடாது என்ற மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆராய்ச்சி மாணவனாகக் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு தஞ்சைப் பக்கம் ஊர் ஊராகப் போனேன். "வீட்டுல டீ குடிக்கிற பழக்கம் உண்டா ஆத்தா?" என்று ஒரு கிழவியிடம் கேட்டேன். "அதெல்லாம் இல்லப்பா, நீச்சத்தண்ணிதான்" என்றாள். எல்லாக் கேள்வியும் முடிந்து நான் எழுந்தபோது, "வெயில்ல வந்திருக்கே, இரு" என்று உள்ளே போய், ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொண்டுவந்தாள். ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன். "டீ குடிக்கிறோம்னு எழுதினா கூப்பன் சீனியைக் குறைச்சிருவாகன்னு பயந்தேன்" என்றாள். என்னுடைய தாளில் அந்த வீட்டுக்கு நேரே "இல்லை" என்றுதான் இருக்கிறது. சொன்னதை எழுது, பார்த்ததை எழுதாதே என்பது மேற்பார்வையாளர் உத்தரவு.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ஓர் அட்டவணையில் நான் நின்றுவிட்டேன். துணியை வண்ணாருக்குப் போடும் வீடுகள். அசோக் மித்ராவின் ஆட்கள் அதை எதற்காகக் கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? சோப்பு, டார்ச் லைட், கொசுவலை, சர்க்கரை, டீ என்ற வரிசையில்தான் அதுவும் வருகிறது. ஒரு குடும்பத்தின் வசதியையும் நாகரிகத்தையும் அளக்கும் கோல் அது. வண்ணாருக்குத் துணி போட்டால் வசதியான வீடு. வீட்டிலேயே துவைத்தால் இல்லாத வீடு.

ஆனால் நீங்கள் அந்த ஊர்க்காரர். எண்ணுக்குப் பின்னால் இருப்பது தெரியும். சேரியில் இருந்தவர்கள் கையில் காசு வைத்திருந்தாலும் ஊர் வண்ணார் அவர்கள் துணியைத் தொடமாட்டார். அவர்களுக்குத் துவைக்கப் புதிரை வண்ணார் என்று தனியாக ஒரு சாதியையே வைத்திருந்தோம். அந்தப் புதிரை வண்ணார் பகலில் கண்ணில் படுவதே தீட்டு என்று சொன்ன கொடுமையும் உங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. ஊர் வண்ணாருக்கோ பல ஊர்களில் கூலி காசு அல்ல; களத்தில் அளக்கும் நெல்லும், வீட்டுவாசலில் வாங்கும் ராச்சோறும்தான். வசதியை அளக்கப் போட்ட கட்டத்துக்குள் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதும் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ.

அந்தக் கேள்வியை இன்றைக்கு உங்கள் ஊரில் மறுபடி கேட்டுப் பாருங்கள். அநேகமாக எண்ணிக்கை சரிந்திருக்கும். 1961 கோலால் அளந்தால் ஊர் ஏழையாகிவிட்டது என்று அர்த்தமாகும். உண்மையில் வண்ணார் வீட்டுப் பிள்ளை படித்து வேலைக்குப் போயிருப்பார். சோறு வாங்கப் போக மாட்டோம் என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒருநாள் நிறுத்தியிருப்பார்கள். சலவை சோப்பும் வாஷிங் மெஷினும் வந்திருக்கும். சரிவு ஒன்றுதான், காரணம் மூன்று நான்கு. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போடுகிறவர்கள் சறுக்கி விழும் இடம் இதுதான். பழக்கத்தைப் பற்றிய எண்ணை நான் பெரும்பாலும் நம்புவேன். டீ குடித்த கிழவி மாதிரி சில பேரைத் தள்ளிவிட்டால் போதும். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்வதற்குத்தான் உங்களைப் போல ஊர் தெரிந்தவர்கள் வேண்டும்.

மனப்போக்கைப் பற்றிய எண் வேறு சாதி. அங்கே கேள்வியின் வார்த்தை ஒன்று மாறினால் பதிலும் மாறிவிடும். 1961 ஆய்வில், தீண்டாமை குற்றம் என்று சட்டம் இருப்பது தெரியுமா என்று கேட்டார்கள். 1955-ல் வந்த சட்டம் அது. தெரியும் என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஐம்பது வருஷம் கழித்து 2011-12-ல், இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் சுமார் 42,000 வீடுகளில் வேறு விதமாகக் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் இரண்டாவது கேள்வி: தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தை எடுத்துப் புழங்கினாலோ ஆட்சேபம் உண்டா? கேள்வி அடுப்படிக்குள் போனதும், அதுவரை இல்லை என்றவர்களிலும் சிலர் உண்டு என்றார்கள். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 27 வீடுகள். 1961-ல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனம் மாறியதா என்று சொல்ல வேண்டுமானால் ஒரே கேள்வியை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் காலப் நிறுவனம் அப்படிச் சில கேள்விகளை விடாமல் கேட்டுவருகிறது. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று 1958-ல் கேட்டபோது, ஏற்கிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். 2021-ல் 94 பேர். இத்தனை வருஷத்தில் கேள்வியின் சொற்கள் அங்கேயும் கொஞ்சம் மாறித்தான் இருக்கின்றன. ஆனாலும் நாலு தொண்ணூற்று நாலு ஆனதைச் சொல் மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது. சரி, செயலில்? புதிதாகக் கல்யாணம் செய்தவர்களில் இனம் மாறிக் கட்டிக்கொண்டவர்கள் 1967-ல் நூற்றுக்கு 3, 2015-ல் 17. மனசு பறந்த வேகத்தில் கால் நடக்கவில்லை. நம் நாட்டில் சாதி மாறிய கல்யாணம், நான் முன்னே சொன்ன 2011-12 ஆய்வின்படி, நூற்றுக்கு ஐந்துதான்.

இன்னொன்று. நாலு பேர் தொண்ணூற்று நாலு பேராவதற்கு, அன்றைக்கு வேண்டாம் என்ற ஆள் இன்றைக்கு வேண்டும் என்று மாறியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டாம் என்றவர் காலமாகி, அவர் பேத்தி பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டும் நடக்கும். எது எவ்வளவு என்று பார்க்க, 1961-ல் முப்பது வயதுக்காரர்கள் சொன்னதை 1991-ல் அறுபது வயதுக்காரர்கள் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். (பழைய கணக்குகளில் வயதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஊரே நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று சீராகப் பிறந்த மாதிரி இருக்கும்.)

பழைய ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது யாரைக் கேட்டார்கள் என்பது. உங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரை ஆராய்ந்து வாருங்கள் என்றார். கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு எல்லாம் அப்படிப் பதிவானவை, 1918-ல் புத்தகமாயின. அன்றைக்குச் சென்னையில் காலேஜ் படிக்கப் போன பையன் எந்தத் தெருக்காரனாக இருந்திருப்பான்? அவன் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடனையும் கூலியையும் விசாரித்திருப்பான்? கூலி கொடுத்தவர் சொன்ன கூலிக் கணக்காகத்தான் அது பெரும்பாலும் இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை எறிந்துவிடாமல் வைத்திருந்ததால் அதே ஊர்களுக்கு 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன் முதலானோர் போனார்கள். 2008-ல் இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸும் ஜெயரஞ்சனும் நாகராஜும் போனார்கள். ஸ்லேட்டர் காலத்தில் ஒரு பெரிய நிலக்காரர் குடும்பத்தை அண்டிக் கடனில் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள், அப்போது வெளியூர் வேலைக்குப் போய்க் காசாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிலக்காரர் குடும்பத்தின் பழைய பிடி விட்டுப்போயிருந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷத்து மாற்றம் ஒரே ஊரில், கையில் தொடுகிற மாதிரி. உலகத்தில் இப்படி அமைந்த ஊர்கள் குறைவு.

உங்கள் 1961 புத்தகத்திலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்குப் பங்கு தரலாமா என்று யாரிடம் கேட்டார்கள்? வீட்டுத் தலைவரிடம். அதாவது கொடுக்க வேண்டியவரிடம். உங்கள் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. 1992-93-ல் தொடங்கிய தேசிய குடும்பநல ஆய்வில்தான் பெண்களையே உட்காரவைத்துப் பெரிய அளவில் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கேட்டால் மட்டும் நமக்கு இனிப்பான பதில் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கணவன் மனைவியை அடிப்பதற்கு ஏதாவது ஒரு காரணமாவது நியாயமாகுமா என்ற கேள்விக்கு, 2005-06-ல் ஆகும் என்ற பெண்கள் நூற்றுக்கு 54, ஆண்கள் 51. 2015-16-ல் பெண்கள் 52, ஆண்கள் 42. 2019-21-ல் பெண்கள் 45, ஆண்கள் 44. பெண்கள் மெதுவாக இறங்கிவருகிறார்கள்; ஆண்கள் இறங்கிவிட்டு ஒரு படி ஏறியிருக்கிறார்கள். அந்த ஒரு படியை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

உங்கள் பாகப்பிரிவினையைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 சட்டம் பெண்ணுக்குத் தந்தது பாதிதான். பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே வரும் பங்கு மகனுக்கு மட்டும் என்றே இருந்தது. தமிழ்நாடு அரசு 1989-ல் அதைத் திருத்தி மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் 25-3-1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்றும் எழுதிவைத்தது. 1978-ல் தாலி கட்டிக்கொண்ட நீங்கள் வெளியே நின்றுவிட்டீர்கள். 2005-ல் மத்திய அரசு அந்தத் தடையை எடுத்தபோது, 20-12-2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடவில்லை, உங்களுடையது 1991. கணக்குப்பிள்ளையாக இருந்தவருக்குச் சட்டத்தின் சந்துபொந்து தெரியாமலா இருந்திருக்கும்? அவர் 1961-ல் சட்டத்தை ஒட்டிப் பேசியிருந்தால், 1991-லும் சட்டத்தை ஒட்டியேதான் எழுதியிருக்கிறார். அது நியாயமா என்று கேட்டால், இல்லை. நகை என்பது பங்குக்கு ஈடு அல்ல. சொத்து பூர்விகமா, அவர் சம்பாதித்ததா என்பதைப் பொறுத்து இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா என்பதை வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

என் வேலை அந்தப் பென்சில் குறிப்புகள். அச்சிட்ட புத்தகம் எங்காவது நூலகங்களில் இருக்கும். உங்கள் அப்பா ஓரத்தில் எழுதியது வேறு எங்கும் இல்லை. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினார், எதை அடித்தார், எங்கே கேள்விக்குறி போட்டார் என்பதெல்லாம், ஆய்வுக்காரர் கேட்காத கேள்விகளுக்கு ஊர்க் கணக்குப்பிள்ளை சொன்ன பதிலாக இருக்கலாம். பெண்ணுக்குப் பங்கு என்ற அட்டவணைக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்தீர்களா?

பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஊரில் எண்பது வயது தாண்டியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இது எந்த வீடு, இது யாருடைய வயல் என்று கேட்டுத் தனி நோட்டில் எழுதுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். புத்தகத்தை வீட்டில் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் தெளிவாகத் தெரியட்டும் என்று அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடாதீர்கள்.